வெள்ளையன் போட்டிக்குப் போன கதை

"நாய்க்கு ஒரு கண்காட்சி, அதற்கு ஒரு நடுவர், அவர் கையால் ஒரு பரிசு! உலகத்தில் வேறு வேலை இல்லையா?" என்று நேயர்களில் சிலர் கேட்கக் கூடும். கேட்பதில் தவறில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்பு வரையில் நாங்களும் அதையே கேட்டுக் கொண்டிருந்தவர்கள்தாம். இப்போதோ எங்கள் வீட்டுக் கூடத்தில், சுவாமி படத்துக்குச் சற்றுத் தள்ளி, மூன்றாம் பரிசு ரிப்பன் ஒன்று தொங்குகிறது. அந்த ரிப்பன் வந்த வழியைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆரம்பம் கோயமுத்தூரில். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நகரத்து மைதானம் ஒன்றின் பக்கமாகப் போய்க் கொண்டிருந்தோம். வாசலில் திருப்பூர், ஈரோடு, பொள்ளாச்சி, பாலக்காடு என்று பல ஊர்களிலிருந்து வந்த மோட்டார் வண்டிகள் வரிசையாக நின்றன. உள்ளே துணிப் பந்தல்கள், பந்தலுக்குள் மேஜைகள், மேஜைகளின் மேல் நாய்கள்! ஒருவர் சீப்பால் வாரிவிட, இன்னொருவர் காற்றூதும் யந்திரத்தால் ரோமத்தை உலர்த்திக் கொண்டிருந்தார். கலியாண வீட்டில் மணப்பெண்ணுக்குக்கூட இவ்வளவு சிரத்தையுடன் அலங்காரம் நடந்து நாங்கள் பார்த்ததில்லை. பனிப் பிரதேசத்து ஹஸ்கி நாய் ஒன்று, கொங்கு நாட்டு வெயில் தாங்காமல் நாக்கைத் தொங்கவிட்டு மின்விசிறிக்கு முன்னால் படுத்துக் கிடந்தது. அதைக் கண்டு எங்கள் மகளுக்குச் சிரிப்பும் இரக்கமும் ஒருங்கே உண்டாயின.

மைதானத்தின் நடுவில் கயிறு கட்டி அடைத்த இடத்துக்கு 'ரிங்' என்று பெயர். அதற்குள் பத்து லாப்ரடார் நாய்கள் வட்டமிட்டு ஓடின. நடுவர் ஒவ்வொன்றின் வாயையும் திறக்கச் சொல்லிப் பல் வரிசையைப் பார்த்தார். தோள், விலா, முதுகு, இடுப்பு என்று உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். நேராகப் போய் வரச் செய்து நடையைக் கவனித்தார். எங்கள் கண்ணுக்குப் பத்தும் ஒன்றாகவே தெரிந்தன. அவரோ சில நிமிஷத்தில் நான்கைப் பொறுக்கி எடுத்து வரிசைப்படுத்தி விட்டார். இருபது வருஷமாக விடைத்தாளுக்கு மார்க் போட்டு வந்த எங்கள் அநுபவம் அங்கே சிறிதும் உதவவில்லை.

பக்கத்தில் மடக்கு நாற்காலி போட்டு அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர் எங்கள் திகைப்பைக் கண்டு இரங்கினார். "இவர் ஒரு நாயோடு இன்னொரு நாயை ஒப்பிடுவதாக எண்ணாதீர்கள். ஒவ்வோர் இனத்துக்கும் உயரம் இவ்வளவு, தலை இப்படி, வால் இப்படி என்று எழுதி வைத்த இலக்கணம் ஒன்று உண்டு. அந்த இலக்கணத்துக்கு எது அதிகம் பொருந்துகிறதோ, அதற்கே முதலிடம். அந்தந்த இனத்தில் முதல் வந்தவை பிறகு தங்கள் பிரிவில் மோதும். பிரிவுகளில் வென்றவை கடைசியில் ஒன்றாக நிற்கும். மாலையில் எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு நாய் மிஞ்சும்" என்றார்.

அந்தச் சமயத்தில் மைதானத்தின் கோடியில் வெண்சங்கு போன்ற நாய் ஒன்று நின்றது. ரோஜா நிற மூக்கு, குறுகிய இடை, எஜமானரைத் தவிர வேறு யாரையும் லட்சியம் செய்யாத பார்வை. "இது எந்தத் தேசத்து நாய்?" என்று ஓர் அம்மாள் கேட்டார். "நம்ம ராஜபாளையம்தானுங்க" என்று பதில் வந்தது. வெளிநாட்டு இனங்களின் பெயர்களையெல்லாம் சரளமாகச் சொல்லிக் கொண்டிருந்த கூட்டத்துக்கு அந்தப் பதில் சற்று வியப்பாகவே இருந்தது. எங்களுக்கு அது வெட்கமாக இருந்தது. ஏனென்றால் நாங்களும் அதே கேள்வியைக் கேட்பதற்கு வாயெடுத்திருந்தோம். வீடு திரும்பும்போதே எங்கள் மகள் தீர்மானம் செய்து விட்டாள்: வளர்த்தால் ராஜபாளையம், போட்டிக்குப் போனால் அதனோடுதான்.

இந்தக் கண்காட்சி என்னும் வழக்கம் இங்கிலாந்தில் தோன்றியது. 1859ஆம் வருஷம் ஜூன் மாதம் நியூகாஸில் நகரத்தில் முதலாவது போட்டி நடந்தது. சுமார் 60 நாய்கள் வந்தன. எல்லாம் பாயிண்டர், செட்டர் என்னும் இரண்டு வேட்டை ஜாதிகள். பரிசாகக் கொடுத்தவை துப்பாக்கிகள். அதில் ஒரு வேடிக்கை: செட்டர்களுக்குத் தீர்ப்புச் சொன்னவரின் நாய் பாயிண்டர் போட்டியில் வென்றது, பாயிண்டர்களுக்குத் தீர்ப்புச் சொன்னவரின் நாய் செட்டர் போட்டியில் வென்றது! இந்தக் குழப்பங்களுக்கெல்லாம் விதி ஏற்படுத்த 1873இல் லண்டனில் கென்னல் கிளப் பிறந்தது. வெள்ளைக்காரர்கள் நம் நாட்டு மலைவாசஸ்தலங்களுக்கு இந்தப் பழக்கத்தையும் உடன் கொண்டு வந்தார்கள். உதகமண்டலத்தில் மே மாதத்தில் நடக்கும் தென்னிந்தியக் கென்னல் கிளப்பின் கண்காட்சி நூறு வருஷத்தைத் தாண்டிய பழமை உடையது. தேச முழுவதிலும் நாய்களின் வம்சத்தைப் பதிவு செய்யும் இந்தியக் கென்னல் கிளப்புக்குத் தலைமை இடம் சென்னை.

வழக்கம் அந்நியமானதுதான், ஆனால் பிராணியின் அங்கலட்சணம் பார்க்கும் கலை நமக்கு அந்நியமா? இந்தச் சந்தேகத்தைத் தீர்த்தவர் எங்கள் மகளின் அப்புச்சி.

அவருக்குக் காங்கேயத்துக்குப் பக்கத்தில் தோட்டம். கோயமுத்தூரிலிருந்து கிழக்கே போகப் போகப் பசுமை குறைந்து, மண் சிவந்து, கிளுவை வேலி கட்டிய கொரங்காடுகள் தொடங்குகின்றன. கொழுக்கட்டைப் புல்லும் அங்கங்கே வெள்வேல மரமும் தவிர அங்கே வேறொன்றும் இல்லை. ஆனால் அந்த வறண்ட மேய்ச்சல் நிலத்தில்தான் காங்கேயம் மாடு என்னும் செல்வம் விளைகிறது. பழையகோட்டைப் பட்டக்காரர் நல்லதம்பி சர்க்கரை மன்றாடியார் அந்த இனத்தை எப்படித் தேர்ந்தெடுத்துச் சீர்ப்படுத்தினார் என்பதை அப்புச்சி இராமாயணம் போலச் சொல்வார். சித்திரையில் கண்ணபுரம் மாரியம்மன் கோவில் சந்தை, ஆடியில் அந்தியூர் குருநாதசுவாமி கோவில் சந்தை என்று அவர் போகாத சந்தை இல்லை. கொம்பின் வளைவு, திமிலின் திரட்சி, குளம்பு, சுழி, நடை எல்லாவற்றையும் பார்த்து முடித்துக் கடைசியில் கேட்பார்: "இதோட தாய் எந்தக் கட்டுத்தரையிலே இருக்குது?" மாட்டைப் பார்ப்பது பாதிதான், மற்றப் பாதி அதன் தாயைப் பார்ப்பது என்பது அவர் சித்தாந்தம்.

அவருடைய தோட்டத்துக் காவலுக்கு இருந்த ராஜபாளையத்து நாய் ஆறு குட்டிகள் ஈன்றிருந்தது. தாயும் தந்தையும் சங்கத்தில் பதிவு பெற்றவை. ஆகவே குட்டி தேடி எங்கும் அலைய வேண்டியிருக்கவில்லை. ஏழு வாரம் ஆனதும் நாங்கள் போய் இறங்கினோம்.

ஆறில் ஒன்று அற்புதமாக இருந்தது. மாசு மறுவற்ற வெண்மை. வெளிர் நீலக் கண்கள். மற்றவை கத்திக் கொண்டு ஓடுகையில் அது மட்டும் சாந்தமாக உறங்கியது. "இதுதான், அப்புச்சி! எவ்வளவு சமர்த்தாக இருக்கிறது பாருங்கள்!" என்று மகள் அதை அள்ளி எடுத்தாள். அப்புச்சி பேசவில்லை. உள்ளே போய் ஒரு பித்தளைத் தட்டை எடுத்து வந்தார். குட்டிகளின் பின்புறமாக நின்று கரண்டியால் ஓங்கித் தட்டினார். ஐந்து குட்டிகள் திடுக்கிட்டுத் திரும்பின. மகளின் மடியில் இருந்தது திரும்பவில்லை.

"அதுக்குக் காது கேக்காது, அம்மிணி" என்றார் அப்புச்சி.

இதன் காரணத்தைப் பின்னர் கால்நடை மருத்துவர் ஒருவரிடம் கேட்டறிந்தோம். தோலுக்கும் ரோமத்துக்கும் நிறம் தரும் நுண்ணணுக்களே உட்செவியிலும் வேலை செய்கின்றன. வெண்மை மிகுந்த நாய்களில் சிலவற்றுக்கு அந்த அணுக்கள் உட்செவியில் இல்லாமல் போகின்றன. அதனால் பிறந்த சில வாரங்களுக்குள் செவிப்புலன் நின்று விடுகிறது. டால்மேஷன் என்னும் புள்ளி நாயிலும் இந்தக் குறை உண்டு. ராஜபாளையத்தில் வெண்மையே பெருமையாகி விட்டது. கிடைக்கும் நல்ல நாய்களும் கொஞ்சம். நெருங்கிய உறவுக்குள்ளேயே இணை சேர்த்தால் இத்தகைய குறைகள் தலைமுறைக்குத் தலைமுறை வேரூன்றி விடும். எந்த அழகுக்காக அந்தக் குட்டியை நாங்கள் விரும்பினோமோ, அந்த அழகிலேயே அதன் குறையும் ஒளிந்திருந்தது.

நாங்கள் அங்கே இருக்கும்போதே நாய் வியாபாரம் செய்பவர் ஒருவர் வந்தார். அவர் கண்ணும் அதே குட்டியின் மேல்தான் விழுந்தது. மற்றக் குட்டிகளைப் போல் இரு மடங்கு விலை தருவதாகச் சொன்னார். அப்புச்சி குறையை ஒளிக்காமல் எடுத்துரைத்தார். வந்தவர் சிரித்தார். "போட்டியிலே காதை யாருங்க பாக்கறாங்க? நாலு பரிசு வாங்கிட்டா, இதோட குட்டிக்குக் கேட்ட விலை கிடைக்கும்."

அப்புச்சியின் முகம் கறுத்தது. "பரிசு வாங்கினா அதனாலேயே அதுக்கு நூறு குட்டி பொறக்குமுங்க. அதிலே எத்தனைக்குக் காது இருக்காதோ! அந்தப் பாவம் நமக்கு வேண்டாம். இது இங்கேயே இருந்துக்கட்டும்" என்று சொல்லி அவரை அனுப்பி விட்டார். அவ்வருஷம் மழை பொய்த்துத் தீவனத்துக்குக் கடன் வாங்கியிருந்த சமயம் அது. அந்த இரு மடங்கு விலையின் அருமை எங்களுக்கும் தெரியும். அந்தக் குட்டிக்குப் பிற்பாடு கருத்தடை செய்து தோட்டத்திலேயே வைத்துக் கொண்டார். கூப்பிட்டால் அது வராது. தரையைக் காலால் தட்டினால் அதிர்ச்சியை உணர்ந்து ஓடி வருகிறது.

மகள் அன்று இரவு முழுவதும் அழுதாள். மறுநாள் காலையில், தட்டுச் சத்தத்துக்கு முதலில் திரும்பிய குட்டியைத் தானே தேர்ந்தெடுத்தாள். நிறத்தைப் பார்த்து 'வெள்ளையன்' என்று பெயர் வைத்தோம். இதனால் ஒரு விபரீதம்: அவன் சமையலறைக்குள் நுழையும் போதெல்லாம் 1942ஆம் வருஷத்துக் கோஷம் எங்கள் வீட்டில் மீண்டும் முழங்குகிறது!

இனிப் புதிதாக இத்துறையில் இறங்க விரும்பும் நேயர்களுக்குச் சில வார்த்தைகள். முதலாவது, நாய் வாங்குவதற்கு முன்பு நாயில்லாமல் ஒரு கண்காட்சிக்குப் போய் நாள் முழுவதும் உட்கார்ந்து பாருங்கள். இரண்டாவது, உங்கள் இனத்தின் இலக்கணத்தைப் படியுங்கள். ராஜபாளையமானால் தோள் வரை உயரம் சுமார் 65 முதல் 75 சென்டிமீட்டர், வேட்டைக்கு உரிய ஆழ்ந்த மார்பு, குட்டை ரோமம். மூன்றாவது, குட்டியின் தாய் தந்தையை நேரில் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். சங்கத்துப் பதிவுச் சான்று இருக்கிறதா என்று கேளுங்கள். அரிசி மணியளவு உள்ள 'மைக்ரோசிப்' ஒன்றைத் தோலுக்கடியில் செலுத்துகிறார்கள். அதிலுள்ள 15 இலக்க எண்ணும் சான்றிலுள்ள எண்ணும் ஒத்திருக்க வேண்டும். வெறிநோய்த் தடுப்பு ஊசி முதலியவற்றின் குறிப்பேடும் கையில் இருக்கட்டும். போட்டிக்குப் பெயர் கொடுக்கும் கடைசித் தேதி கண்காட்சிக்கு முன்னதாகவே முடிந்து விடும். அன்று காலையில் போய் நின்றால் நுழைவு கிடையாது.

பயிற்சி பிரமாதமான ரகசியம் ஒன்றுமல்ல. நாள்தோறும் பத்து நிமிஷம் போதும். நான்கு கால்களும் சதுரமாக ஊன்றி அசையாமல் நிற்க வேண்டும். அந்நியர் பல்லைத் தொட்டுப் பார்த்தால் பொறுத்துக் கொள்ள வேண்டும். தளர்ந்த கயிற்றில் இடப் பக்கமாக ஒரே சீராக ஓட வேண்டும். எங்கள் தெருவில் பால்காரர், தபால்காரர், எதிர் வீட்டுத் தாத்தா எல்லாரும் வெள்ளையனின் பல்லைப் பரிசோதித்தார்கள். இன்னொரு முக்கியமான விதி: நடுவருக்கும் நாய்க்கும் நடுவில் நாம் நிற்கக் கூடாது. அவர் பார்க்க வந்தது நாயை, நம்மை அல்ல.

வெள்ளையனுக்குப் பதினொரு மாதம் ஆன போது உதகைக் கண்காட்சிக்குப் பெயர் கொடுத்தோம். உதகை வேற்றூர் என்று நாங்கள் கருதுவதில்லை. 1868 வரையில் நீலகிரி கோயமுத்தூர் ஜில்லாவைச் சேர்ந்ததாகத்தானே இருந்தது? அதிகாலை மூன்று மணிக்குக் கிளம்பினோம். மேட்டுப்பாளையத்தில் பவானியைக் கடந்ததும் பாக்குத் தோப்புகளின் குளிர்ச்சி முகத்தில் பட்டது. கல்லாறு தாண்டி மலை ஏறத் தொடங்கினோம். வளைவுக்கு வளைவு வெள்ளையன் ஒரு முறை வயிற்றைக் காலி செய்தான். குன்னூரில் ஓய்வு கொடுத்துச் சிறிது தண்ணீர் காட்டினோம். உதகை வந்த போது மேகம் தரையில் படிந்திருந்தது. கொரங்காட்டில் பிறந்தவன் வாழ்க்கையில் முதல் முறையாகக் குளிரில் நடுங்கினான். நடத்தப் போகும் மகளோ பயத்தால் நடுங்கினாள்.

அரசினர் கலைக் கல்லூரி மைதானத்தில் கூட்டத்துக்குக் குறைவில்லை. எங்கள் இனத்துக்கு அழைப்பு வந்தது. வந்திருந்த ராஜபாளையங்கள் மொத்தம் மூன்று. முதல் நாய் சிலை போல் நின்றது. இரண்டாவது அதற்கு இளைத்ததல்ல. வெள்ளையன் ஈரப் புல்லில் அமைதியாக உட்கார்ந்து விட்டான். மகள் கெஞ்சினாள்; கொஞ்சினாள்; பையிலிருந்த ஈரல் துண்டைக் காட்டினாள். சபையினர் சிரித்தார்கள். ஒரு வழியாக எழுந்து நின்றான். ஆனால் ஓடச் சொன்ன போது, அடடா! கழுத்தை நீட்டி, தரை படாதவன் போல அவன் ஓடிய ஓட்டத்தைக் கண்டு சிரித்தவர்கள் கை தட்டினார்கள். ஆயினும் தீர்ப்பு தீர்ப்புத்தான். மூன்று நாய்களில் மூன்றாவது!

தீர்ப்புக்கு முன்னால் நடுவரோடு பேசுவது மரியாதையன்று, பின்னால் கேட்கலாம். கேட்டோம். "முன்னங்கால் சற்று வெளிப்புறமாகத் திரும்பியிருக்கிறது. நடை நன்றாயிருக்கிறது. சிறுமி இன்னும் பழகட்டும்" என்றார். மகள் தயங்கித் தயங்கி ஒரு கேள்வி கேட்டாள்: "முதல் பரிசு வாங்கும் நாய்க்குக் காது கேட்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?" அந்த மனிதர் ஒரு கணம் பேசாதிருந்தார். பிறகு, "காதின் வடிவத்தை நான் பார்க்கலாம், குழந்தாய். இந்த இரைச்சலுக்குள் அதன் சக்தியை எப்படிப் பார்ப்பது? மின்கருவியால் சோதிக்கும் வழி இருக்கிறது. ஆனால் அது வளர்ப்பவர் செய்ய வேண்டிய காரியம், அவர் மனச்சாட்சியைச் சேர்ந்தது" என்றார்.

மலையிலிருந்து இறங்கும்போது வழியெல்லாம் இதையே பேசிக் கொண்டு வந்தோம். கண்காட்சியின் பயன் ரிப்பன் அன்று. அடுத்த தலைமுறைக்கு எந்த நாய் தாயாக வேண்டும், எது தந்தையாக வேண்டும் என்று பொறுக்குவதே அதன் பயன். நடுவரின் கண் பாதியைத்தான் காணும். மற்றப் பாதியை வீட்டில் இருப்பவர்கள் கண்டு, மறைக்காமல் எழுதி வைக்க வேண்டும். நம் நாட்டு நாய்களுக்கு இப்போது கௌரவத்துக்குக் குறைவில்லை. 2005ஆம் வருஷம் ஜனவரியில் தபால் இலாகா வெளியிட்ட நான்கு நாய் முத்திரைகளில், இமயமலை நாய், ராம்பூர் நாய், முதோல் நாய் ஆகியவற்றோடு ராஜபாளையமும் இடம் பெற்றது. கொங்கு நாட்டுத் தாராபுரத்தில் பிறந்த தியடோர் பாஸ்கரன், இந்திய நாய்களைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு முழுப் புத்தகமே எழுதி 2017இல் வெளியிட்டார். சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்று நம்மிடம் உள்ள இனங்களின் பெயர்களைச் சொல்லும் போது நெஞ்சு நிமிர்கிறது. ஆனால் சுதேசி என்னும் பெயர் குறையை மூடும் போர்வையாகி விடக் கூடாது. நம்முடையது என்பதற்காகவே அதிகக் கண்டிப்போடு பார்க்க வேண்டும். கட்டுத்தரையில் மூன்று தலைமுறையை மனப்பாடமாகச் சொல்லும் நம் குடியானவர்களின் கண்ணோடு, எழுதி வைக்கும் பழக்கமும் சேர்ந்து விட்டால், இவ்வினங்களுக்குக் கவலை இல்லை.

எங்கள் மகள் இப்போது ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறாள். அதன் முதல் பக்கத்தில் தேதியிட்டு எழுதியிருக்கிறாள்: "குட்டிகள் 6. ஒன்றுக்குக் காது கேட்காது." இரண்டாம் பக்கத்தில்: "வெள்ளையன். உதகை. மூன்றாம் பரிசு. முன்னங்கால் சிறிது கோணல்."

ரிப்பனை எடுத்துக் கொண்டு காங்கேயம் போனோம். நடந்ததையெல்லாம் அப்புச்சி பொறுமையாகக் கேட்டார்.

"மூணு நாய் ஓடினதிலே மூணாவதுங்களா, மாப்பிள்ளை?"

"ஆமாம், மாமா" என்றோம், சற்றுக் கூச்சத்துடன்.

அவர் வெள்ளையனுக்குப் பின்னால் சென்று மெல்ல விரலைச் சொடுக்கினார். வெள்ளையன் உடனே திரும்பிப் பார்த்தான்.

"அது போதுமுங்க" என்றார் அப்புச்சி.